கந்தக பூமியின் முகங்கள்: இறந்தோரை நினைவில் வைக்கும் புகைப்படம்

தீபாவளி விடியலில் விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் பல வீடுகளில் புதுத்துணி முதலில் போய்ச் சேர்வது இறந்தவர்களுக்குத்தான். வாழையிலை விரித்து, பலகாரம் வைத்து, மஞ்சள் தடவிய சேலையையோ வேட்டியையோ மடித்து வைத்து, சுவரில் தொங்கும் படத்துக்கு முன்னால் சாம்பிராணி போடுகிறார்கள். கும்பிட்டு எடுத்த பிறகே வீட்டில் மற்றவர்கள் துணி உடுத்துவார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், ஏழாயிரம்பண்ணை என்று விரியும் பட்டாசு வட்டாரத்தில் இந்தப் படையலுக்குக் கூடுதல் கனம் உண்டு. ஊர் உலகமெல்லாம் வெடிக்கப்போகும் சரத்தையும் புஸ்வாணத்தையும் செய்து கொடுத்த கைகளில் சில அந்தப் படங்களுக்குள் இருக்கின்றன.

அந்தப் படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒன்று தெரியும். பல வீடுகளில் அது ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட படமாக இராது. வாக்காளர் அட்டையிலோ ஆதாரிலோ இருந்த விரல் நக அளவு முகத்தை ஸ்டூடியோவில் பெரிதாக்கி, பட்டுச்சேலை உடுத்தி, கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். நேசித்தவர்களை நினைவில் வைக்கப் புகைப்படம் என்ன செய்கிறது என்ற பொதுவான கேள்வியை இந்த வட்டாரத்தில் வைத்துக் கேட்டால் அது இன்னும் கூர்மையாகிறது. யாருக்குப் படம் கிடைத்தது, யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், அந்தப் படம் எத்தனை காலம் தாங்கும்?

முகமே இல்லாமல் நினைவைக் காப்பாற்றத் தெரிந்த சமூகம் நம்முடையது. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லில் செதுக்கிய வீரனுக்கு அவனுடைய சாயல் இருந்திருக்க வேண்டியதில்லை. பெயரும் பீடும் போதும். ஊர் அவனை அடையாளம் கண்டுகொள்ளும். தென்மாவட்டங்களில் மணமாகாமல் இறந்த பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னியாகிறாள். அவளுக்கான சிற்றாடையும் வளையலும் ஓலைப்பெட்டியில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பெட்டியை இறக்கி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி வைத்துக் கும்பிடுவார்கள். பழைய துணியை வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை உடுத்திக்கொள்வாள். நடுகல்லும் பெட்டியும் எழுந்தது பெரும்பாலும் அகாலச் சாவுகளுக்காக. வாழ்ந்து முடித்தவர்களை மறக்க முடிகிறது. பாதியில் போனவர்களுக்குத்தான் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டியிருக்கிறது. பட்டாசு வட்டாரத்தில் புகைப்படத்தின் தலையில் ஏறிய பாரமும் அதுவே.

கேமரா தமிழ்நாட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அவர் கேமரா தேடிப் போனது கல்லையும் தூணையும். சாமானியரின் முகம் படத்தில் ஏற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஜமீனும் வணிகரும் வக்கீலும் முதலில் போனார்கள். பருத்தியிலும் மிளகாய் வற்றலிலும் காசு பார்த்த விருதுநகர் வணிகக் குடும்பங்களின் கூடங்களில் தாத்தா அங்கவஸ்திரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் பாட்டி விறைத்து நிற்கும் படங்களை இன்றும் பார்க்கலாம். கரிசல்காட்டுச் சம்சாரியும் கூலிக்காரரும் ஸ்டூடியோ வாசலை மிதித்தது வெகு பின்னால். காசு ஒரு தடை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை இன்னொரு தடை.

இந்த இரண்டு தடைகளும் சேர்ந்து ஒரு விசித்திரமான வழக்கத்தை உண்டாக்கின. ஆயுசு முடிந்த பிறகு அது குறையும் என்ற பயம் இல்லை. ஆகவே பலருக்கு வாழ்நாளின் முதல் படம் சாவு வீட்டில்தான் எடுக்கப்பட்டது. ஸ்டூடியோக்காரர் சைக்கிளில் கேமராப் பெட்டியோடு வருவார். முற்றத்து வெளிச்சத்தில் நாற்காலி போட்டு, இறந்தவரை அதில் சாத்தி உட்கார வைப்பார்கள். தாடையைச் சேர்த்துத் தலையைச் சுற்றிய வெள்ளைத் துணிக்கட்டு, நெற்றியில் காசு, கழுத்தில் மாலை. இருபுறமும் மகன்களும் மருமகள்களும் நிற்க, காலடியில் பேரப்பிள்ளைகள். அந்தப் படங்களில் பெரும்பாலும் யாரும் அழுவதில்லை. எல்லாரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். குடும்பம் மொத்தமும் ஒன்றாக இருக்கும் ஒரே படம் அதுவாகவே இருந்த வீடுகள் ஏராளம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் நெகட்டிவ்களையும் தேடி மின்படியாக்கியது. திருமணம், பூப்புனித நீராட்டு, குழுப்படம் இவற்றோடு சாவு வீட்டுப் படமும் தமிழ் ஸ்டூடியோக்களுக்கு வழக்கமான தொழிலாக இருந்தது.

விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே வழக்கம் இருந்தது. குறிப்பாக இறந்த குழந்தைகளைத் தூங்குவது போல் கிடத்திப் படமெடுத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கலக்கம் தரலாம். எனக்கு இதில் கொடூரம் எதுவும் தெரியவில்லை. கடைசி வண்டி புறப்படும் முன் ஓடிப்போய் ஏறும் அவசரம் மட்டுமே தெரிகிறது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஸ்டூடியோ ஓவியர் அடுத்த வேலையைத் தொடங்குவார். தாடைக்கட்டை அழிப்பார், நெற்றிக்காசு இருந்த இடத்தில் திருநீறு பூசுவார், மூடிய கண்களைத் தூரிகையால் திறந்துவிடுவார். பதினாறாம் நாள் காரியத்துக்குள் உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் சட்டத்துக்குள் வந்துவிடுவார்.

மானுடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்ற ஆலை நகரத்தில் ஸ்டூடியோக்களை ஆராய்ந்து 1997இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தியச் சிறுநகர வாடிக்கையாளர் நடந்ததை நடந்தபடியே காட்டும்படி ஸ்டூடியோக்காரரைக் கேட்பதில்லை. ஒருவர் எப்படி இருக்கத் தகுதியானவரோ அப்படி அவரை ஆக்கித் தரவே கேட்கிறார் என்பதை அந்த நூல் உணர்த்துகிறது. ஐரோப்பாவில் இதற்கு எதிர்முனையில் நின்றவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த். 1977இல் தாய் இறந்த பிறகு பழைய படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, தாய் ஐந்து வயதுச் சிறுமியாக நின்ற ஒரு படத்தில்தான் அவரை உண்மையாகக் கண்டுகொண்டதாக 1980இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அந்தப் படத்தை மட்டும் நூலில் அச்சிடவில்லை. பிறர் கண்ணுக்கு அது ஏதோ ஒரு பழைய படம். பார்த்துக்குப் படம் என்பது ‘இது இருந்தது’ என்பதற்குச் சாட்சி. நம் ஊர் ஓவியர் கண்ணைத் திறந்துவிடும்போது அந்தச் சாட்சியத்தைக் கலைக்கிறார். ஆனால் பார்த்திடம் தேர்ந்தெடுக்க ஒரு கத்தைப் படங்கள் இருந்தன. ஒரே ஒரு படம், அதுவும் கண் மூடிய படம் வைத்திருப்பவரிடம் சாட்சியத் தூய்மையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

புகைப்படத்துக்கும் பட்டாசுக்கும் வேதியியல் உறவும் உண்டு. 1887இல் ஜெர்மனியில் ஆடோல்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியத் தூள், பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்ஃபைடு மூன்றையும் கலந்து ஒளித்தூள் செய்தார்கள். இருட்டான வீட்டுக்குள்ளும் முகங்களைப் படமெடுப்பது எளிதானது அதனால்தான். கலக்கும்போதே அது வெடித்துப் புகைப்படக்காரர்கள் காயம்பட்டதும் இறந்ததும் உண்டு. 1930 வாக்கில் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்த பிளாஷ் பல்பு வந்த பிறகே கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்த ஆபத்து ஒழிந்தது. பட்டாசு ஆலையில் அது ஒழியவில்லை. சத்த வெடிக்குள் போகும் மருந்து அந்த ஒளித்தூளின் குடும்பத்தைச் சேர்ந்தது: எரிவதற்கு உலோகத் தூள், அதை எரிய வைக்க ஆக்சிஜன் தரும் ஓர் உப்பு. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துப் பட்டாசு செய்வதை மத்திய அரசு 1992இல் தடை செய்தது. குளோரேட் இல்லாவிட்டாலும், அலுமினியத் தூள், வெடியுப்பு, கந்தகம் என்ற கலவையே உராய்விலும் வெயிலிலும் போதுமான ஆபத்து. பச்சை மத்தாப்புக்கு நிறம் தந்த பேரியத்தின் இன்னோர் உப்பை, பேரியம் சல்பேட்டை, பழைய கறுப்பு வெள்ளைப் படத்தாளில் வெள்ளிப் படலத்துக்கு அடியில் பூசுவார்கள். பாட்டியின் படத்தில் வெண்சேலை அத்தனை வெண்மையாகத் தெரிவது அந்தப் பூச்சால்தான்.

சிவகாசி படங்களின் ஊரும்தான். 1923இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வளர்ந்து காலண்டர் வந்தது. நாடு முழுவதும் கடைகளிலும் வீடுகளிலும் தொங்கிய முருகனும் லட்சுமியும் பெருமளவில் இங்கே அச்சானவர்கள். பக்கத்துக் கோவில்பட்டியில் 1940களில் தங்கிவிட்ட சி. கொண்டையா ராஜுவும் அவருடைய சீடர்களும் அந்தத் தெய்வங்களுக்கு முகம் வரைந்தார்கள். நாடகத் திரை எழுதியவர்கள், காலண்டருக்குத் தெய்வம் வரைந்தவர்கள், புகைப்படத்துக்கு வண்ணம் தீட்டியவர்கள் என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாத ஓவியர் உலகம் அது. ஸ்டூடியோவில் கண் திறந்துவிட்டவரின் தூரிகையும் காலண்டரில் மீனாட்சிக்குக் கண் எழுதிய தூரிகையும் ஒரே பள்ளியில் பழகியவை. அப்பா படத்தில் கன்னம் அத்தனை வழவழப்பாகவும் பின்னணி அத்தனை நீலமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

சாவுச் சடங்கின் நடுவே படத்தைக் கொண்டுவந்து வைத்ததில் சுயமரியாதை இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. செங்கல்பட்டு, ஈரோடு மாநாடுகளுக்குப் பிறகு மூன்றாவது சுயமரியாதை மாகாண மாநாடு 1931இல் விருதுநகரில் நடந்தது. பார்ப்பனப் புரோகிதரும் திதியும் வேண்டாம் என்றவர்களுக்கு இறந்தவரை மதிக்க வேறொரு முறை தேவைப்பட்டது. படத்திறப்பு அந்த இடத்தை நிரப்பியது. திரை விலக்கிப் படத்தைத் திறந்து வைத்து, இறந்தவரைப் பற்றி நாலு பேர் மேடையில் பேசுவார்கள். இன்று கருமாதி செய்யும் குடும்பங்களும் அதே நாளில் படத்திறப்பும் வைக்கின்றன. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ், நாளிதழில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, வாட்ஸ்அப்பில் பூ உதிரும் பின்னணியோடு ஒரு படம். எல்லாவற்றுக்கும் ‘நல்ல போட்டோ’ ஒன்று கேட்கிறார்கள். 1975 அக்டோபர் 2இல் மறைந்த காமராஜருக்கு அந்தக் குறை இல்லை. விருதுநகரில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் சுவர் நிறையப் படங்கள். அதே ஊரில் அவருக்கு வாக்களித்த தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்ணின் முகம் எங்காவது இருக்கிறதா என்று தேடினால் நாம் அரசு அட்டைகளுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

1993இல் தேர்தல் ஆணையம் படம் ஒட்டிய வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தபோது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் டி.என். சேஷன். கள்ள ஓட்டைத் தடுக்க வந்த அந்த அட்டை, கிராமத்துக் கூலிப் பெண்கள் பலருக்கு முதன்முதலாக ஒரு தனிப்படத்தைத் தந்தது. பிறகு ஆதார் வந்தது, ரேஷன் ஸ்மார்ட் கார்டு வந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, வெயிலில் வியர்த்த முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து, ‘நேராப் பாருங்க’ என்ற குரலுக்குத் திடுக்கிட்டு நிமிரும் நொடியில் எடுத்த படங்கள் அவை. செத்த பிறகு மாலை போடுவதற்கு இதைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்து யாரும் அங்கே உட்காருவதில்லை.

சிவகாசியில் ஒரு ஸ்டூடியோவில் அந்த வேலை நடப்பதைப் பார்த்தேன். பட்டாசு ஆபீஸுக்கு, அதாவது ஆலைக்கு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவின் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார் மகன். கடைக்காரர் அட்டையை ஸ்கேன் செய்தார். திரையில் முகம் பெரிதானதும் கன்னம் கட்டம் கட்டமாக உடைந்தது. நெற்றியில் பளபளத்த வெளிச்சத்தை அழித்தார். கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு, கணினியில் ஏற்கெனவே வைத்திருந்த சேலைகளில் அரக்கு நிறப் பட்டு ஒன்றை எடுத்துப் பொருத்தினார். தோள் பெரிதாகத் தெரிந்தது, குறுக்கினார். பூ வைத்தார். ‘மூக்குத்தி எந்தப் பக்கம்?’ என்று கேட்டபோது மகன் யோசித்தார். அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா வலது என்றார். பக்கத்தில் நின்ற சித்தி இடது என்றார். அட்டையில் மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. கடைசியில் ஒரு பழைய கல்யாண வீட்டு வீடியோவில் பந்தி பரிமாறும் கூட்டத்துக்குள் அம்மா குனிந்து நிமிரும் இடத்தைக் கண்டுபிடித்து, வலதுதான் என்று முடிவானது. ‘அண்ணாச்சி, லேசா சிரிச்ச மாதிரி வைக்க முடியுமா?’ என்றார் மகன். ‘சிரிப்பு வச்சா ஆள் மாறிப்போயிரும் தம்பி’ என்றார் கடைக்காரர்.

கடைக்காரர் சொன்னதில் தொழில் நேர்மை இருக்கிறது. சேலையை மாற்றலாம், நகை போடலாம். உதட்டைத் தொட்டால் அவள் வேறொருத்தி. இப்போது போனிலேயே செயற்கை நுண்ணறிவு கண்ணைச் சிமிட்ட வைக்கிறது, தலையைத் திருப்ப வைக்கிறது. கல்யாண மண்டபத் திரையில் இறந்த தகப்பன் நடந்து வந்து மகளை ஆசீர்வதிக்கும் காட்சிகளையும் செய்து காட்டுகிறார்கள். பார்க்கும் மகள் தேம்பி அழுகிறாள். அந்த அழுகை உண்மைதான். ஆனால் அவர் ஒருபோதும் நடக்காத நடை அது. சில வருடங்களில் அந்த நடையே அவருடைய நடையாகப் பிள்ளைகளின் மனதில் பதிந்துவிடும் என்பது என் கவலை. தூரிகைக்காரர் கண்ணை மட்டும் திறந்துவிட்டு நிறுத்திக்கொண்டார்; அசைவை அவர் நம் நினைவுக்கே விட்டுவைத்தார்.

பட்டாசு வட்டாரத்தில் படத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1991 ஜூலையில் சிவகாசி அருகே மீனம்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 39 பேர் இறந்ததாகக் கேட்டு, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அந்த விபத்தும் இடம்பெற்றது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 40 பேரளவில் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள்கூட இல்லை, புகையைப் பார்த்து உதவ ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரிலும் 2024 பிப்ரவரியிலும் மே மாதத்திலும் 2025 ஜூலையிலும் மீண்டும் மீண்டும். இப்படிப்பட்ட நாள்களில் அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும் உறவினர்களின் கையில் இருப்பது படம். போனை நீட்டி ‘இவங்களப் பாத்தீங்களா?’ என்று கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் உடலுக்கும் இந்தப் படத்துக்கும் பல நேரம் தொடர்பே இராது. கொலுசு, தாலிக்கயிறு, சேலையின் எரியாத ஓரம் இவற்றை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள். மரபணுச் சோதனை வரை போன விபத்துகளும் உண்டு. முகம் பார்க்க முடியாமல், கட்டிய துணி மூட்டையாகவே கொடுக்கப்பட்ட உடலைப் புதைத்தோ எரித்தோ விட்டு வந்த குடும்பத்துக்குச் சுவரில் மாட்டும் படம் வெறும் ஞாபகார்த்தம் இல்லை. அவர்கள் பார்க்க முடியாமல் போன கடைசி முகம் அது.

இதற்கு நேர் எதிரே நிற்பவை பத்திரிகைப் படங்கள். தரைமட்டமான அறை, கருகிய வேப்பமரம், வெள்ளைத் துணி, மார்பில் அடித்துக்கொள்ளும் பெண்கள். செய்திக்கு அவை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. சாலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் முகங்களை நாட்டுக்குக் காட்டியது. படம் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் விபத்துச் செய்தியில் வரும் படம் அடுத்த விபத்து வரை ‘கோப்புப் படம்’ என்ற பெயரில் திரும்பத் திரும்ப அச்சாகிறது. அழுகிற பெண்ணின் முகம் யாரும் கேட்காமலே பொதுச் சொத்தாகிவிடுகிறது; இறந்தவளின் முகம் பாஸ்போர்ட் அளவில் ஒரே ஒரு நாள் வந்து மறைகிறது. வேலை செய்துகொண்டிருந்த போது அவள் எப்படி இருந்தாள் என்பதற்குப் படமே கிடையாது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது சரியான விதி. மருந்து இருக்கும் இடத்தில் போன் எதற்கு? ஆனால் அதன் விளைவாக ஒரு மனுஷி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடத்தில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. வண்டியில் தோழிகளோடு ஏறும்போதோ மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கும்போதோ எடுத்த படம் இருந்தால், அது எந்தப் பட்டுச்சேலைப் படத்தைவிடவும் அவளுக்கு நெருக்கமாக இருந்திருக்கும்.

படத்துக்கு மாலை போடுவது என்றால் சாவை ஒப்புக்கொள்வது. இதன் மறுபக்கத்தை இலங்கைத் தமிழ்த் தாய்மார் காட்டினார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளையின் சாவை ஏற்காத தாயின் கையில் அதே பள்ளி அடையாள அட்டைப் படமும் அதே பாஸ்போர்ட் அளவும் வீட்டு நினைவாக இல்லாமல் அரசை நோக்கிய கேள்வியாக மாறுகின்றன. அர்ஜென்டினாவில் 1977 முதல் மாயோ சதுக்கத்துத் தாய்மார் செய்ததும் இதுதான். வெடிவிபத்துக் குடும்பங்களின் படங்கள் ஏன் அப்படித் தெருவுக்கு வரவில்லை என்று யோசித்திருக்கிறேன். சாவு உறுதியானது, நிவாரணக் காசோலை வந்துவிடுகிறது, அடுத்த வாரம் அதே தொழிலுக்குத்தான் மற்றொரு மகள் போக வேண்டியிருக்கிறது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கும்போது, மழை பொய்க்கும் கரிசலில் வேறு கூலி எங்கே என்று கேட்பவர்களிடம் படத்தைத் தூக்கிக்கொண்டு வா என்று சொல்வது சுலபமில்லை.

இனி, இருக்கிற படங்கள் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி. பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது. படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ என்ற ரசாயனத்தை நன்றாகக் கழுவியிருந்தால் நூறு வருடம் அசையாது. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ தாளில் போட்ட படங்கள் இன்றும் பளிச்சென்று இருப்பதைப் பார்க்கலாம். 1970, 80களின் கலர் படங்களுக்கு அந்த உறுதி இல்லை. அவற்றில் உள்ளது சாயம். இருட்டில் வைத்தாலும் நீலச்சாயல் முதலில் போய், முகமெல்லாம் சிவந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டி மாட்டிய படத்தில் ஈரம் இறங்கினால் படலம் கண்ணாடியிலேயே பிடித்துக்கொள்ளும். அதை உரித்தெடுக்கக் கூடாது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே, வெளிச்சம் பட்டுப் பிரதிபலிக்காத கோணத்தில் படமெடுத்துக்கொள்வதுதான் வழி. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலிடை காற்று போக இடம் வேண்டும், இல்லாவிட்டால் கரையான் ஏறும். சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியில் வைக்கலாம், படத்தில் நேராக வைக்கக் கூடாது. விளக்குப் புகையும் ஊதுபத்தியும் அன்றாடம் படும் படம் சீக்கிரம் பழுக்கும். கும்பிட ஒரு பிரதி, காப்பாற்ற ஒரு பிரதி என்று இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது.

இன்றைய படங்களின் நிலை இன்னும் மோசம். போன் நிறையப் படம் இருக்கிறது. அம்மா இறந்ததும் அவருடைய போனின் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கிப்போய், பெரிதாக்கினால் உடைகிறது. கல்யாண சிடி ஓட மறுக்கிறது. 2011 ஆழிப்பேரலைக்குப் பின் ஜப்பானில் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்களும் ஃபூஜிஃபிலிம் நிறுவனமும் தண்ணீரில் அலசி, உலர்த்தி, உரியவர்களைத் தேடித் திருப்பிக் கொடுத்தார்கள். அச்சடித்த தாளாக இருந்ததால்தான் அவற்றை அலச முடிந்தது. அச்சகங்களின் ஊரான சிவகாசியில் சொல்ல வேண்டிய விஷயம் இது: முக்கியமான பத்துப் படங்களையாவது தாளில் போட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் வருடமும் எழுதி வையுங்கள். பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவரின் படமாகிவிடும்.

வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் செய்வது போதாது என்றே நினைக்கிறேன். வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்கே கிடைத்த ஒவ்வொரு பாசிமணியையும் சங்கு வளையல் துண்டையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எண் கொடுத்து, எந்தக் குழியில் எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்று பதிவு செய்தார்கள். ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய வளையலுக்குக் கிடைக்கும் அந்தக் கவனத்துக்கு அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆபீஸில் செத்துப்போனவர்களும் உரியவர்கள். அவர்களுடைய பெயர், ஊர், பார்த்த வேலை, விபத்தின் நாள், குடும்பம் தேர்ந்தெடுத்துத் தரும் ஒரு படம் இவற்றை ஒரு பொது ஆவணமாகத் திரட்ட முடியும். எந்தப் படத்தைக் கொடுப்பது, கொடுப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். வாங்கிய படத்தைப் பழுது பார்த்து, நல்ல பிரதி ஒன்றை அவர்களுக்கே திருப்பித் தர வேண்டும். மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களே செய்யக்கூடிய வேலை. அந்த மாணவர்களில் பலருடைய வீட்டில் ஒருவராவது ஆலைக்குப் போகிறவர்தான்.

முதலில் போக வேண்டிய இடம் பழைய ஸ்டூடியோக்கள். மூன்று நான்கு பத்தாண்டுக் கல்யாணங்களும் பொங்கல் திருவிழாக் குழுப்படங்களும் நெகட்டிவாக அவற்றின் பரணில், தகர டப்பாக்களில், ரசீது எண் எழுதிய காகித உறைகளில் கிடக்கின்றன. ஒரு திருவிழாப் படத்தின் மூன்றாவது வரிசையில் பதினெட்டு வயதில் ஒரு பெண் நின்றிருப்பாள். அவளுடைய பிள்ளைகளிடம் ஆதார் படம் மட்டும்தான் இருக்கும். கடையை மகன் மொபைல் கடையாக மாற்றும்போது பரணிலிருந்து முதலில் எடைக்குப் போவது அந்த டப்பாக்கள்தான்.